மறுவெளியீட்டுத் தட்டில் சடசடப்பு: ஊசியைக் குறை சொல்லலாமா?

தி ஹூ என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ நேரலை ஆல்பத்தை வினைல் இசைத்தட்டு மறுவெளியீடாக வாங்கிய வாசகர் ஒருவர், பாட்டின் நடுவே சடசடவென்று சத்தம் வருவதாக எழுதியிருக்கிறார். விற்றவரோ, ஊசிதான் சரியில்லை என்றும், கூடுதல் பணம் கொடுத்தால் சத்தமே இல்லாத முதல் பதிப்பைத் தருவதாகவும் சொல்கிறாராம்.

ஒரு காசும் கொடுக்காதீர்கள். முதலில் அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை 1.8 வினாடியில் முடிப்பதால், சத்தம் அதே இடைவெளியில் சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் அது தட்டில் விழுந்த கீறல். ஒவ்வொரு முறை போடும்போதும் இடம் மாறி வந்தால் தூசியோ நிலைமின்சாரமோ காரணம். துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். துணியைக் கிழிப்பது போன்ற சத்தம் எப்போதும் ஒரே இடத்தில், குறிப்பாக ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டால், அச்சில் வினைல் சரியாக நிரம்பாமல் போயிருக்கலாம். அந்தத் தட்டை எந்தத் துணியாலும் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

இந்த ஆல்பத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவானபோதே ஒலிநாடாவில் சொடுக்குச் சத்தங்கள் ஏறிவிட்டன. ஆகவே அதே ஆண்டு வெளிவந்த தட்டின் லேபிளிலேயே, சடசடப்பு இருப்பது சரிதான், திருத்த வேண்டாம் என்று கையெழுத்தில் அச்சிட்டார்கள். ஆறு பாடல்கள் கொண்ட அந்தப் பழைய வடிவம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், 1.8 வினாடிக் கணக்கில் அடங்காமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரும் சொடுக்கு நாடாவிலேயே இருப்பதாகக் கொள்ளலாம். 1995-இல் பாடல்கள் கூட்டி வெளியிட்ட குறுந்தகட்டில் இவற்றைக் கணினி கொண்டு நீக்கினார்கள். எனவே கைபேசியில் அந்த வடிவத்தைக் கேட்டுவிட்டு உங்கள் தட்டைப் பழிக்காதீர்கள். மாறாக, உங்கள் தட்டே சுத்தம் செய்த வடிவத்திலிருந்து வெட்டப்பட்டது, அதாவது அந்த ஒலியைக் கொண்டே அதன் வரிப்பள்ளம் பொறிக்கப்பட்டது என்றால், ‘அந்தக் காலப் பதிவு அப்படித்தான்’ என்னும் சமாதானம் செல்லாது. எந்த மூலத்திலிருந்து வெட்டினோம் என்று உறையில் ஒரு வரி அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்கு என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தட்டின் எடை 180 கிராம் என்பதைப் பெரிய எழுத்தில் போட மட்டும் மறப்பதில்லை. எடையால் ஒலி மேம்படுவதுமில்லை.

இப்போது அந்த வியாபாரியின் பேச்சைப் பாருங்கள். சடசடப்பு இருக்கும் என்று லேபிளே சொல்லும் முதல் பதிப்பை, சடசடப்பு இல்லாதது என்று விற்கப் பார்க்கிறார். இத்தகைய இடைத்தரகர்கள் ‘பிரிக்காத உறை’ என்பதையே சான்றாகக் காட்டுவார்கள். பிளாஸ்டிக் உறை போடும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். பாட்டு முடிந்த பின் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில், எந்தப் பதிப்பு என்று அறிய உதவும்படி பொறித்த எண்களையும், முத்திரை குத்தியது போன்ற பழுப்பு அட்டையோடு அன்று உள்ளே வைத்துத் தந்த ஆவண நகல்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் தட்டில் இருப்பது கீறலோ அச்சுக் குறையோ என்று தெரிந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், சத்தம் வரும் பகுதியைப் பதிவு செய்து, எந்தப் பக்கம், எந்தப் பாட்டு என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அதே ஊசியில் மற்றத் தட்டுகள் சுத்தமாக ஒலிப்பதையும் சேர்த்து அனுப்பினால், ஊசியின் மேல் பழிபோட அவருக்கு வழியிருக்காது.