ஈகிள்ஸ் 2017 சீசன்: கேளுங்க, சொல்றேன்

அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பிலடெல்பியா ஈகிள்ஸ் முதல் தடவையா சூப்பர் பவுல், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்ச 2017 சீசன் பத்தி தனித்தனியா நிறைய பேரு கேட்டுட்டு இருந்தீங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எடுத்துக்கிறேன். ஆட்டத்துக்குப் புதுசுன்னாலும் தாராளமா கேளுங்க.

அண்ணா, எனக்கு கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. அந்த சீசன்ல அப்படி என்ன விசேஷம்?

1960-ல ஒரு லீக் பட்டம், அதுக்கப்புறம் 57 வருஷம் ஒண்ணுமே கிடையாது தம்பி. சூப்பர் பவுலுக்கு ரெண்டு தடவை போனாங்க, 1981-ல ரெய்டர்ஸ்கிட்ட தோத்தாங்க, 2005-ல பேட்ரியாட்ஸ்கிட்ட 24-21னு மூணே பாயின்ட்ல தோத்தாங்க. அந்த ஊர்ல அப்பாவும் தாத்தாவும் டீமை நம்பி நம்பி ஏமாந்ததைப் பாத்தே பசங்க வளர்ந்தாங்க. 2016-ல 7 ஜெயிச்சு 9 தோத்த டீம் அடுத்த வருஷம் 13 ஜெயிச்சு 3 தான் தோத்துச்சு, அதுவும் முக்கியமான ஆளுங்க ஒவ்வொருத்தரா அடிபட்டு வெளிய போய்க்கிட்டு இருக்கும்போதே. உங்க பாஷையில சொல்லணும்னா ஓப்பனர், கீப்பர், மெயின் பௌலர் எல்லாரும் காயத்துல உக்காந்துட்டு, பெஞ்சுல இருந்தவங்களை வச்சு உலகக் கோப்பையைத் தூக்கின மாதிரி.

யார் யாருக்கெல்லாம் அடிபட்டுச்சு? வென்ட்ஸ் மட்டும் தானே?

மெயின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துற ஆளு) கார்சன் வென்ட்ஸ் கடைசியா போனவர் ப்ரோ. முதல் வாரமே கிக்கர் கேலப் ஸ்டர்ஜிஸ் போயிட்டாரு. மூணாவது வாரம் டேரன் ஸ்ப்ரோல்ஸ், ஒரே ப்ளேல கையும் ஒடிஞ்சு முழங்கால்ல ஏசிஎல்ங்கிற தசைநாரும் கிழிஞ்சுது. அக்டோபர்ல வாஷிங்டன் மேட்ச்ல ஒரே ராத்திரில லெஃப்ட் டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸ், லைன்பேக்கர் ஜோர்டன் ஹிக்ஸ் ரெண்டு பேரும். லெஃப்ட் டேக்கிள்னா குவாட்டர்பேக்கோட முதுகுப்பக்கத்தைக் காப்பாத்துற ஆளு, பீட்டர்ஸ் அந்த இடத்துல பல வருஷமா நின்னவரு, அவருக்குப் பதிலா ஹலபூலிவாட்டி வைட்டாய்னு ரெண்டாம் வருஷப் பையன் வந்து சூப்பர் பவுல் வரைக்கும் நின்னான்.

கிக்கருக்குப் பதிலா வந்த ஜேக் எலியட்டை எங்கேருந்து எடுத்தாங்கன்னா, சின்சினாட்டி பெங்கால்ஸோட ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல (மேட்ச் ஆடாம பயிற்சி மட்டும் பண்ற கூட்டம்) இருந்து. வந்து ரெண்டாவது வாரமே ஜயன்ட்ஸ் மேட்ச்ல 24-24, கடிகாரத்துல நேரம் முடியப் போகுது, 61 யார்டுல இருந்து உதைச்சு உள்ள போட்டாரு. அந்த மேட்ச் போயிருந்தா 1-2னு (ஒண்ணு ஜெயிச்சு ரெண்டு தோத்து) நின்னிருப்போம், சீசன் வேற பக்கம் திரும்பியிருக்கும்னு நான் உறுதியா நம்புறேன். எல்லாரும் சூப்பர் பவுலையே பேசுறாங்க, எனக்கு அந்த சீசன் ஆரம்பிச்ச இடம் இந்த உதை தான்.

வென்ட்ஸ் கால் கிழிஞ்சப்புறமும் ஆடினாருன்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

நிஜம். டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியம், ராம்ஸ் மேட்ச். கோல் லைன் பக்கத்துல தலையைக் குடுத்து பாய்ஞ்சாரு, ரெண்டு பேரு நடுவுல மாட்டினாரு, அந்த டச்டவுனும் (பந்தை கோல் லைனைத் தாண்டி கொண்டு போறது) ஹோல்டிங் பெனால்டில, அதாவது எதிரியைப் பிடிச்சு இழுத்த தப்புல, செல்லாமப் போச்சு. ஏசிஎல் அங்கேயே போயிருக்கு. அப்புறமும் நாலு ப்ளே ஆடி, நாலாவது டவுன்ல ஆல்ஷான் ஜெஃப்ரிக்கு டச்டவுன் போட்டுட்டு தான் வெளிய வந்தாரு. அந்த வருஷத்துல அது அவரோட 33-வது டச்டவுன் பாஸ், அது வரைக்கும் ஒரு சீசன்ல எந்த ஈகிள்ஸ் குவாட்டர்பேக்கும் அவ்வளவு போட்டதில்ல. மேட்ச் 43-35னு ஜெயிச்சாச்சு, டீம் 11-2, ஆனா ஊரே துக்க வீடு மாதிரி ஆயிடுச்சு.

நாலாவது டவுன், நாலாவது டவுன்னு சொல்றீங்களே, அது என்னன்னு முதல்ல சொல்லுங்கண்ணா.

நல்லா கேட்டீங்க தங்கச்சி, இது புரிஞ்சாத்தான் அந்த டீம் புரியும். பந்து வச்சிருக்கிற டீமுக்கு 10 யார்டு முன்னேற நாலு சான்ஸ், முன்னேறிட்டா மறுபடி புதுசா நாலு. மூணு சான்ஸ் போயிடுச்சுன்னா பெரும்பாலான கோச்சுங்க நாலாவதுல ரிஸ்க் எடுக்க மாட்டாங்க, பந்தை தூரமா உதைச்சு எதிரிகிட்ட குடுத்துருவாங்க, அதுக்குப் பேரு பன்ட், இல்லன்னா கிட்ட இருந்தா ஃபீல்டு கோல் அடிச்சு 3 பாயின்ட் வாங்கிப்பாங்க. ஏன்னா நாலாவதும் போச்சுன்னா பந்து அந்த இடத்துலயே எதிரிக்கு, மறுநாள் பேப்பர்ல கோச்சுக்கு திட்டு. ஈகிள்ஸ் கோச் டக் பீடர்சன் அந்தத் திட்டுக்கு பயப்படல. எந்த இடத்துல போனா லாபம், எங்க உதைச்சா லாபம்னு கணக்குப் போட்டு ஹெட்செட்ல சொல்றதுக்கே ஆள் வச்சிருந்தாரு, வருஷம் பூரா அதை நம்பி ஆடினாரு. அதனால பெரிய மேட்ச்ல அந்த நிலைமை வந்தப்போ டீம்ல யாருக்கும் கை நடுங்கல, பழகின விஷயம்.

வென்ட்ஸுக்குப் பதிலா ஆடின நிக் ஃபோல்ஸ் திடீர்னு எங்கேருந்து வந்தாரு?

திடீர்னு வரல, பழைய ஆளு தான். 2012-ல ஈகிள்ஸே எடுத்தவரு, 2013-ல 27 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன் (வீசின பந்தை எதிரி பிடிச்சுக்கிறது)னு ஒரு அற்புதமான வருஷம் ஆடினவரு. அப்புறம் ராம்ஸுக்கு அனுப்பிட்டாங்க, அங்க சரியா வரல, 2016-ல ஆட்டத்தையே விட்டுடலாம்னு யோசிச்சாரு. அந்த வருஷம் கன்சாஸ் சிட்டில ஆண்டி ரீட்கிட்ட பேக்கப்பா இருந்துட்டு 2017-ல திரும்ப ஈகிள்ஸுக்கு, அதுவும் பேக்கப்பா. இன்னொரு விஷயம் கவனிங்க, முதல் ஸ்டார்ட்ல ஜயன்ட்ஸ்கிட்ட நாலு டச்டவுன் போட்டாலும் அதுக்கப்புறம் தடுமாறினாரு. கிறிஸ்துமஸ் ராத்திரி ரெய்டர்ஸ் மேட்ச் தட்டுத்தடுமாறி 19-10, கடைசி வாரம் டல்லஸ்கிட்ட 6-0 தோல்வி, ஒரு பாயின்ட் கூட எடுக்கல. அதுக்கப்புறம் கிடைச்ச லீவு வாரத்துல பீடர்சனும் அவரோட உதவி கோச் ஃப்ராங்க் ரைக்கும் உக்காந்து ஃபோல்ஸுக்கு எது சௌகரியமோ அதுக்கேத்த மாதிரி ப்ளேயெல்லாம் மாத்தினாங்க, ஆர்பிஓ நிறைய போட்டாங்க, அதாவது ஓடுறதா வீசுறதான்னு ஸ்னாப் ஆனப்புறம் (பந்து கைக்கு வந்தப்புறம்) குவாட்டர்பேக்கே முடிவு பண்ற ப்ளே. ஆளுக்கேத்த மாதிரி திட்டத்தை மாத்துற கோச்சுங்க ரொம்ப கம்மி. பீடர்சனே பல வருஷம் பேக்கப் குவாட்டர்பேக்கா இருந்தவரு, அது உதவியிருக்கும்னு நினைக்கிறேன்.

அந்த நாய் முகமூடி கதை?

ப்ளேஆஃப்ல நம்பர் ஒன் சீடா (முதலிடத்துல) இருந்தும், சொந்த மைதானத்துல ஆடியும், ஃபால்கன்ஸ் தான் ஜெயிக்கும்னு பந்தயக்காரங்க சொல்லிட்டாங்க. தோக்கும்னு நினைக்கிற டீமை இங்கிலீஷ்ல அண்டர்டாக்னு சொல்வாங்க, அதான் நாய். 15-10னு ஜெயிச்சவுடனே லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் முகமூடி போட்டுக்கிட்டு மைதானத்துல நடந்தாங்க. அடுத்த வாரம் வைக்கிங்ஸ் மேட்ச்சுக்கு ஸ்டேடியம் பூரா நாய் முகம், ஸ்கோர் 38-7. கிறிஸ் லாங் அந்த வருஷ சம்பளம் மொத்தத்தையும் கல்விக்கு குடுத்தவருங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க.

பிலி ஸ்பெஷல் ப்ளேயைக் கொஞ்சம் விளக்குங்க, வீடியோ பாத்தும் புரியல.

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், எதிர்ல பேட்ரியாட்ஸ். பாதி ஆட்டம் முடிய 38 செகண்ட், ஈகிள்ஸ் 15-12 முன்னால, கோல் லைனுக்கு ஒரே யார்டு, நாலாவது டவுன். 3 பாயின்ட் கையில இருக்கு. ஃபோல்ஸ் சைட்லைனுக்கு வந்து அந்த ப்ளேயைக் கேக்குறாரு, பீடர்சன் ஒரு நொடி யோசிச்சுட்டு சரின்னு தலையாட்டுறாரு. இப்ப பாருங்க, ஃபோல்ஸ் லைன் கிட்ட போய் பேசுற மாதிரி வலது பக்கம் நின்னுக்கிறாரு, பந்து அவருக்கு வரல, நேரா கோரி கிளெமென்ட்டுக்கு போகுது. கிளெமென்ட் இடது பக்கம் ஓடிக்கிட்டே எதிர்ல வர்ற ட்ரே பர்ட்டனுக்கு தட்டிவிடுறாரு. பர்ட்டன் காலேஜ்ல குவாட்டர்பேக்கா சேர்ந்தவரு, அதான் அவரு கையில பந்து. இதுக்குள்ள ஃபோல்ஸ் நைசா எண்ட் ஜோனுக்குள்ள (கோல் லைனுக்கு அந்தப் பக்கம்) நழுவிட்டாரு, பக்கத்துல ஒருத்தன் இல்ல, பர்ட்டன் வீசினாரு, பிடிச்சாச்சு, 22-12. இதே மேட்ச்ல கொஞ்சம் முன்னாடி பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கும் இப்படி ஒரு பாஸ் வீசினாங்க, அவரு கைல பட்டு விழுந்துடுச்சு. அந்த சைட்லைன் பேச்சை இப்போ பிலடெல்பியா ஸ்டேடியம் வாசல்ல சிலையாவே வச்சிருக்காங்க.

பிரேடி 505 யார்டு வீசியும் தோத்தாரே, எப்படி?

சூப்பர் பவுல்ல அது சாதனை, பேட்ரியாட்ஸ் அன்னிக்கு ஒரு தடவை கூட பன்ட் பண்ணல. நம்ம டிஃபென்ஸ் அன்னிக்கு நல்லா ஆடலங்கிறது தான் உண்மை, ஆனா வேணுங்கிற ஒரு நேரத்துல ஒண்ணு பண்ணாங்க. ஈகிள்ஸ் 38-33 முன்னால, ரெண்டு நிமிஷம் சொச்சம் பாக்கி, பிரேடி கையில பந்து, இந்தக் கதையோட முடிவு எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சு வயிறு கலங்குது. பிராண்டன் கிரஹாம் உள்ள புகுந்து பிரேடி கையிலயே பந்தைத் தட்டிவிட்டாரு, டெரிக் பார்னெட் எடுத்தாரு. மேட்ச் முழுக்க ரெண்டு பக்கமும் சேர்த்து விழுந்த ஒரே சாக் (வீசுறதுக்குள்ள குவாட்டர்பேக்கை மடக்குறது) அது தான். அப்புறம் எலியட் 46 யார்டு உதை, 41-33.

வென்ட்ஸ் இருந்திருந்தாலும் ஜெயிச்சிருப்போம் தானே?

இருக்கலாம். ஆனா 11-2 வரைக்கும் கொண்டு வந்ததும், அதனால சொந்த மண்ணுல ப்ளேஆஃப் கிடைச்சதும் வென்ட்ஸால. ஒருத்தரை உயர்த்த இன்னொருத்தரை இறக்குறதை நிறுத்திடலாம், ரெண்டு பேருக்கும் அந்த சாம்பியன் மோதிரத்துல பங்கு இருக்கு.

2024 டீம் சூப்பர் பவுல்ல கன்சாஸ் சிட்டியை 40-22னு நொறுக்கினாங்களே, அது தானே அக்கா பெஸ்ட் டீம்னு எங்க வீட்ல சண்டை. (அண்ணாவா அக்காவான்னு தெரியல, மன்னிக்கவும்)

அண்ணா தாம்மா. ஆளுக்கு ஆள் எடுத்துப் பாத்தா 2024 டீம் தான் பலம், அதுல சந்தேகமே வேணாம். கிரஹாம், லேன் ஜான்சன், எலியட் மூணு பேரும் ரெண்டு டீம்லயும் இருந்தாங்க. ஆனா மனசுக்கு 2017 தான், முதல் தடவைங்கிறது ஒரு தடவை தான் வரும்.

முழு மேட்ச் பாக்க நேரமில்ல. ஒரே ஒரு ப்ளே பாக்கணும்னா எது, பிலி ஸ்பெஷலா?

இல்ல. நாலாவது க்வார்ட்டர், 5 நிமிஷம் 39 செகண்ட் பாக்கி, ஈகிள்ஸ் 33-32 பின்னால, சொந்தப் பக்கம் 45 யார்டு லைன், நாலாவது டவுன், ஒரு யார்டு வேணும். தவறினா பிரேடிக்கு பாதி மைதானம் சும்மா கிடைக்கும், மேட்ச் அதோட காலி. பீடர்சன் பன்ட் டீமை அனுப்பல. ஃபோல்ஸுக்கு நெருக்கடி வருது, ஸாக் எர்ட்ஸ் சின்னதா வெட்டி வர்றாரு, ரெண்டே யார்டு பாஸ். அதே டிரைவ்ல (பந்து கைல இருந்த அதே முன்னேற்றத்துல) தான் எர்ட்ஸோட டச்டவுன் வந்துச்சு. அதைப் போட்டுப் பாருங்க.