பழவேற்காட்டில் வெள்ளைத் தலைக் கடற்காகம்

சனவரியில் பழவேற்காட்டு ஏரியில் ஊசிவால் வாத்துக் கூட்டத்தினருகே கண்டு, என்ன பறவை என்று நீங்கள் கேட்ட, கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளி மட்டும் கொண்ட வெள்ளைத் தலைப் பறவை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகமே. தலையில் பழுப்பு இல்லையென்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். லடாக், திபெத் ஏரிகளில் இனப்பெருக்கக் காலத்தில் அணியும் அந்தப் பழுப்பை அது குளிர்காலத்தில் இழந்துவிடுகிறது.

கருந்தலைக் கடற்காகமும் அவ்வாறே வெளுத்துவிடுவதால், பறக்கும்போது இறக்கை நுனியைக் கவனியுங்கள். அகன்ற கறுப்பு நுனிக்குள் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பழுப்புத்தலை; இறக்கையின் முன்விளிம்பில் ஆப்பு வடிவ வெள்ளைப் பகுதி நீண்டு, கறுப்பு மெல்லிய ஓரமாக மட்டும் நின்றால் கருந்தலை. அமர்ந்திருக்கும் முதிர்ந்த பறவையின் கண் வெளிறியிருந்தால், அதையும் பழுப்புத்தலை என்றே கொள்ளலாம்.

வால் நுனியில் கரும்பட்டை உள்ள இளம் பறவைக்கு இந்தக் கண் அடையாளமும் வெள்ளைத் திட்டுகளும் பொருந்தா; அதன் இறக்கை நுனியில் கறுப்பு எவ்வளவு அகலம் என்பதையே நம்புங்கள்.