தோழி வீட்டில் தங்கியிருப்பதை மறைக்காதீர்கள்

அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கணவரைப் பிரிந்து, வேலையும் போய், வாடகை கட்ட முடியாமல் மூன்றரை வயது மகனோடு தோழி வீட்டு ஹாலில் தங்கியிருக்கிறேன். மகன் இங்கேயே பிறந்தவன், எனக்கு கிரீன் கார்டு கிடைத்து இரண்டு வருடம். குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்கான அரசு முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டில் மகனைச் சேர்க்கலாம் என்றால் போன வருட வருமானம் அதிகமாக இருக்கிறது. ஐந்து வருடம் ஆகாமல் பண உதவி கேட்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

முதலில் பள்ளி விஷயம். தோழி வீட்டு ஹால் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வீட்டை இழந்ததாலோ பணமுடையாலோ இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தையை அமெரிக்கச் சட்டம் வீடற்ற குழந்தையாகவே கணக்கில் எடுக்கிறது, தெருவில் படுத்திருக்க வேண்டும் என்றில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு ஹெட் ஸ்டார்ட்டில் வருமான வரம்பே கிடையாது. நம்மவர்கள் கௌரவம் பார்த்து, முகவரி கேட்டால் தோழி வீட்டு முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கிற ஊழியருக்கு உங்கள் நிலைமை எப்படித் தெரியும்? எந்தத் தேதியிலிருந்து, எதனால் அங்கே இருக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். தடுப்பூசி அட்டையோ பிறப்புச் சான்றிதழோ கையில் இல்லையென்றாலும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம், இந்தக் குழந்தைகளுக்கு அதற்கெல்லாம் அவகாசம் உண்டு.

போன வருட வருமானமும் முடிவான கணக்கு இல்லை. வருமானம் பெரிதாகக் குறைந்திருப்பதைக் காட்டினால் இப்போதைய நிலையை வைத்தே தகுதியைப் பார்க்க விதியில் இடமிருக்கிறது. வேலை போன கடிதம், கடைசி சம்பளச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, பண உதவி. குழந்தை உள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் டேன்ஃப் என்கிற திட்டம், 1996 சட்டத்தில் வந்தது. கிரீன் கார்டு வாங்கிய பெரும்பாலானவர்களுக்கு முதல் ஐந்து வருடம் மத்திய அரசுப் பணத்திலிருந்து இது கிடைக்காது, அந்த அளவில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. (சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.) ஆனால் அந்தத் தடை உங்களுக்குத்தான், உங்கள் மகனுக்கு இல்லை. அவன் குடிமகன். அவன் பெயரில் மட்டும் உதவி கேட்கலாம், சைல்ட் ஒன்லி என்பார்கள். படிவத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் எதிரே இவருக்கும் உதவி கேட்கிறீர்களா என்றிருந்தால், மகனுக்கு ஆமாம், உங்களுக்கு இல்லை. ஆனாலும் தாய் என்ற முறையில் உங்கள் பெயரும் வருமானமும் அதில் இருக்க வேண்டும்.

தொகை குறைவாகத்தான் வரும், மாநிலத்துக்கு மாநிலம் நிறையவே மாறும். ஆனால் பெரியவர்கள் உதவி பெறும் குடும்பங்களுக்கு மத்திய அரசுப் பணம் மொத்தம் 60 மாதம்தான் என்றிருக்கிற வரம்பு இதற்குக் கிடையாது. அப்புறம், பணம் கொடுக்கும்போது குழந்தையின் அப்பாவிடமிருந்து குழந்தைக்கான பராமரிப்புத் தொகையை வசூலிக்க உங்கள் ஒத்துழைப்பைக் கேட்பார்கள். அவரால் உங்களுக்கோ குழந்தைக்கோ ஆபத்து இருந்தால் அதை முதல் நாளே சொல்லுங்கள், விலக்கு கேட்க வழி இருக்கிறது.

ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று காத்திருக்காதீர்கள், இரண்டுக்கும் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மகன் பெயரில் டேன்ஃப் வந்தால் அந்தக் கடிதமே ஹெட் ஸ்டார்ட்டுக்குத் தகுதிச் சான்று, உணவு உதவியான ஸ்னாப் கடிதமும் அப்படியே. ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. இடம் குறைவாக இருக்கிற ஊரில் யாருக்கு முன்னுரிமை என்று ஒவ்வொரு மையமும் புள்ளி போட்டுத்தான் வரிசைப்படுத்தும், அதனால் பிரிவு, வேலையிழப்பு, குழந்தைக்குப் பேச்சு தாமதம் இருந்தால் அதுவும், எதையும் விடாமல் சொல்லுங்கள். ஒரே மையத்தோடு நிற்காமல் பக்கத்தில் உள்ள மையங்களிலும் பெயர் கொடுங்கள்.

சேர்ந்த பிறகு கட்டணம் எதுவும் கிடையாது. நடுவில் உங்களுக்கு வேலை கிடைத்தாலும் மகன் இடம் போய்விடாது, ஒருமுறை சேர்ந்தால் அடுத்த கல்வியாண்டு முடியும்வரை அவன் தகுதி அப்படியே இருக்கும்.