கொள்ளளவி வெடித்தது ஏன்?

கேள்வி: 9,000 வோல்ற்று நியோன் நிலைமாற்றியில் (நியோன் விளக்குகளுக்கான உயர் அழுத்த நிலைமாற்றி) இயங்கும் எனது தெஸ்லா சுருளில் (உயர் அழுத்த மின்பொறிகளை உண்டாக்கும் கருவி), 10,000 வோல்ற்று எனக் குறிக்கப்பட்ட கொள்ளளவி வெடித்தது ஏன்? (வாசகர், கல்முனை)

பதில்: நிலைமாற்றியில் குறிக்கப்பட்ட 9,000 வோல்ற்று, ஆடலோட்டத்தின் ஒருவகைச் சராசரி (rms) அளவேயன்றி உச்ச அளவன்று; உச்சம் ஏறத்தாழ 12,700 வோல்ற்று, பரிவு (சுற்றின் இயல்பு மீடிறனும் வழங்கலின் மீடிறனும் ஒன்றி அழுத்தம் பெருகுதல்) ஏற்பட்டால் அதற்கும் மேல். கொள்ளளவியில் அச்சிடப்படுவதோ பெரும்பாலும் நேரோட்டத்துக்கான அளவு. உயர் மீடிறனில் காவலிப் படலம் சூடேறுவதால் அந்த அளவையே அது தாங்காது. 2,000 வோல்ற்றுப் பொலிப்புரோப்பிலீன் கொள்ளளவிகள் 13ஐத் தொடராக இணைத்தால் 26,000 வோல்ற்று, அதாவது உச்சத்தின் ஏறத்தாழ இருமடங்கு, கிடைக்கும். அதற்குக் குறைய வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மொத்தக் கொள்ளளவம் தனியொரு கொள்ளளவியினதில் பதின்மூன்றில் ஒன்றாகிவிடுவதால், தேவைக்கேற்ப அத்தகைய வரிசைகளைச் சமாந்தரமாகச் சேர்க்க வேண்டும். நிலைமாற்றிக்குக் குறுக்கே பாதுகாப்புப் பொறியிடைவெளி (அழுத்தம் மிஞ்சினால் பொறியாகப் பாயவிடும் இடைவெளி) அவசியம். கடற்கரை ஊர்களில் முனைகளில் படியும் உப்பையும் துடையுங்கள். ஒவ்வொரு கொள்ளளவிக்கும் குறுக்கே உயர் அழுத்தத்துக்குரிய 10 மெகா ஓம் தடையியை, ஏற்றத்தை வடிப்பதற்காகப் பொருத்துங்கள். ஏனெனில், மின்னை நிறுத்திய பின்னரும் எஞ்சியிருக்கும் ஏற்றம் உயிரைப் பறிக்கக்கூடியது.