புதிதாகப் பியானோ பழகுகிறவர் வாசிக்கக்கூடிய லேசான வோக்கலொய்ட் பாட்டுகள் எவை?

கேள்வி கேட்ட தங்கச்சி ஓ.எல். சோதினை முடித்து றிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறாராம். 61 கட்டை கீபோட் ஒன்று இருக்கிறது, சின்னனில் சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டுப் பழகியிருக்கிறார், ஆனால் ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரலின் பாட்டு எதைத் தொட்டாலும் விரல் போகுதில்லை என்று எழுதியிருக்கிறார். நான் மானிப்பாய்ப் பக்கம் பிள்ளைகளுக்குக் கீபோட் சொல்லிக்கொடுக்கிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்கள் இப்ப கனபேர்.

நேரடியாகச் சொன்னால்: முதலில் இயேவன் போல்க்கா, பிறகு சென்பொன்சகுராவின் கோரஸ் மட்டும், அதற்குப் பிறகு சேர்வன்ட் ஒஃப் ஈவில். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இந்தப் பாட்டுகள் ஏன் கஷ்டமாக இருக்கின்றன என்பது விளங்கினால் மிச்சத்தை நீங்களே தெரிவு செய்துவிடலாம். வோக்கலொய்ட் என்பது யமஹா செய்த, பாடும் மென்பொருள். மிக்கு 2007 ஆகஸ்டில் கிரிப்டன் நிறுவனம் வெளியிட்ட குரல், சாகி ஃபுஜிதா என்ற நடிகையின் குரலைப் பதிந்து செய்தது. மென்பொருளுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, மேல் ஸ்தாயிக்குப் போனால் தொண்டையும் கட்டாது. அதனால் சில இசையமைப்பாளர்கள் மனிதர் பாடவே முடியாத வேகத்தில் சொற்களை அடுக்கி விடுவார்கள். மிக்குவின் மறைவைப் பற்றிய அந்தப் பிரபலமான பாட்டு நிமிடத்துக்கு 240 தாள அடி. அதைப் பாடவே வாய் போகாது, விரல் எப்படிப் போகும்?

ஆகவே என்னுடைய சோதினை இதுதான்: பாட்டை ஒருக்கால் வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். ஜப்பான் மொழி தெரியாவிட்டால் லா லா என்று பாடினால் போதும். இடையில் மூச்சு விட இடம் கிடைத்து, சுருதி பிசகாமல் கோரஸ் முடிவுவரை போக முடிந்தால் அந்தப் பாட்டை நீங்கள் வாசிக்கலாம். முடியவில்லையா, ஆறு மாதம் தள்ளி வையுங்கள். வாய்ப்பாட்டுப் பழகிய உங்களுக்கு இது இன்னும் லேசு, பாடும்போதே சுரம் மனதில் விழுந்துவிடும்.

இயேவன் போல்க்கா உண்மையில் ஃபின்லாந்து நாட்டுப் பாட்டு, 2007இல் மிக்குவின் குரலில் வந்து பரவியது. ஏ மைனரில் வாசித்தால் மெட்டு முழுக்க வெள்ளைக் கட்டைகளிலேயே போகும், அதுவும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள். இடது கைக்கு ஏ மைனர், ஜி மேஜர் என்று இரண்டு கோர்ட்ஸ் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது) போதும். ஒரு கிழமையில் வந்துவிடும்.

சென்பொன்சகுராதான் எல்லாருக்கும் ஆசை, எல்லாரும் பயப்படுவதும் அதற்குத்தான். 2011இல் வந்த பாட்டு. மராஸி என்ற பியானோக்காரர் அதை வாசிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று மூடி வைத்தவர்கள் பலர். அவர் வாசிப்பது அவருடைய அரேஞ்ச்மென்ட், பாட்டு அல்ல. பாட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்: டி மைனர், மெட்டின் பெரும்பகுதி டி, எஃப், ஜி, ஏ, சி என்ற ஐந்து சுரங்களைத்தான் சுற்றி வரும். டியை ஷட்ஜமாக வைத்தால் இது ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசி! அந்த ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடம் இருந்தால் கைக்கு வழி ஏற்கனவே தெரியும் (கமகத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்). எப்போதாவது ஒரு பி ஃபிளாட் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் கறுப்புக் கட்டை. கோரஸுக்கு இடது கையில் பி ஃபிளாட், சி, டி, எஃப் என்று ஒவ்வொரு விரலாக பேஸ் சுரத்தை மட்டும் அழுத்துங்கள். முழுக் கோர்ட்ஸ் பிறகு பார்க்கலாம். மூலப் பாட்டின் வேகம் 154, நீங்கள் தாளம் தட்டும் மெற்றோனோமை 70இல் வைத்துத் தொடங்குங்கள். பிசகாமல் தொடர்ந்து வாசிக்க வந்த பிறகுதான் ஐந்து ஐந்தாகக் கூட்ட வேண்டும், கெதியாக வாசித்துக் காட்டச் சொல்லித் தம்பிமார் கேட்பார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கடைசிக் கோரஸில் சுருதி அரைக் கட்டை ஏறும். அதற்காக ஈ ஃபிளாட் மைனரில் போய் மாட்டுப்படாமல் கீபோட்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று கூட்டிவிட்டு அதே விரலில் வாசியுங்கள். இது கள்ள வேலை என்று சில ரீச்சர்மார் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன்.

சேர்வன்ட் ஒஃப் ஈவில், ககமினே லென் என்ற இன்னொரு வோக்கலொய்ட் குரலின் பாட்டு, 2008. கதை சொல்லும் பாட்டு என்பதால் அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு சரணத்தைப் பிடித்தால் பாதிப் பாட்டு கையில். எங்கே மெதுவாக அழுத்துவது, எங்கே ஓங்குவது என்று பழக நல்லது, ஆனால் உங்கள் கீபோட் தொடு உணர்வு இல்லாத மலிவு ரகம் என்றால் அந்த வித்தியாசம் கேட்காது.

இப்போதைக்குத் தொடக்கூடாதது ரோலிங் கேர்ள். அதில் பியானோ ஒலி முன்னுக்கு நிற்பதால் பியானோப் பாட்டு என்று நினைத்துப் போய் எல்லாரும் அகப்படுகிறார்கள். வேகமும் அதிகம், ஒரே கட்டையைத் திருப்பித் திருப்பி அடிக்கவும் வேண்டும், மணிக்கட்டு நோகும்.

நோட்ஸ் எடுக்கும்போது "ஈஸி" என்ற தலைப்பை நம்பவேண்டாம், அதை யாரும் எதற்கும் போடுவார்கள். இடது கை வரியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சுரத்துக்கு மேல் இருந்தாலோ, எட்டுச் சுரம் தாண்டிப் பாய்ந்தாலோ அடுத்ததைத் தேடுங்கள். நோட்ஸ் பகிரும் தளமான மியூஸ்ஸ்கோரில் ஒரே பாட்டுக்குப் பல பேர் எழுதியது கிடைக்கும். இன்னொன்று, கட்டைகள் மேலிருந்து விழுகிற யூரியூப் வீடியோக்கள் பெரும்பாலும் 88 கட்டைப் பியானோவுக்குச் செய்தவை, உங்கள் 61இல் அடி ஸ்தாயி இருக்காது. பேஸை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசியுங்கள், கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்த மூன்றும் சரிவந்தால் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்ற கோர்ட்ஸ் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கப் பழகுங்கள். ஜப்பானிய பொப் பாட்டுகளில் அடிக்கடி வரும் வரிசை அது, வோக்கலொய்ட்டிலும் தாராளம். டெல் யுவர் வேர்ல்ட் என்ற மிக்குவின் பாட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம், கோரஸ் வரும்வரை வலது கையை மட்டும் வைத்து.