இரண்டாவது ஜொய்ஸ்டிக்

மதிப்பிற்குரிய அண்ணா,

சித்திரைப் புதுவருடத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அலுமாரியின் மேலிருந்து எங்கள் பழைய ரிவி கேம் பெட்டி கிடைத்தது. இரண்டு ஜொய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கசெட் ஆகியவை அப்படியே இருக்கின்றன. அடப்டர் மட்டும் எரிந்துவிட்டது. பெரியண்ணாவும் நானும் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து ஆடிய பெட்டி அது. அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். ஆசையில் அதே விளையாட்டுகளைக் கைபேசியில் இறக்கி ஆடிப் பார்த்தேன். கொன்ட்ராவும் மாரியோவும் சில நாட்களிலேயே சலித்துவிட்டன. அவை உண்மையில் நல்ல விளையாட்டுகள்தானா, அல்லது வேறொன்றும் கண்டிராத பிள்ளைகளாக நாம் இருந்ததால் அப்படித் தோன்றியதா? உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? இன்னொன்று: திருத்தக்காரர் தம் அடப்டரில் பெட்டியை இயக்கிக் காட்டினார், ஆனால் அவருடைய புதிய ரிவியில் துப்பாக்கி வேலை செய்யவில்லை. அது பழுது என்கிறார். மகள் துப்பாக்கியைத்தான் கேட்கிறாள்.

வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

அவற்றில் சில மிக நல்ல விளையாட்டுகள். பல வெறும் குப்பை. உங்களுக்கு ஏன் சலித்தது என்பது வேறு விடயம். அதற்கான விடையை உங்கள் கடிதத்தின் முதற்பகுதியிலேயே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்: பெட்டியில் இருப்பவை இரண்டு ஜொய்ஸ்டிக்குகள், கைபேசியில் ஆடியது நீங்கள் ஒருவர்.

நாம் ரிவி கேம் என்று அழைத்த பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டென்டோ நிறுவனம் 1983 இல் யப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் என்ற இயந்திரத்தின் நகல்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளுக்கு அவை பெரும்பாலும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் பொதிகளில்தான் வந்து சேர்ந்தன. ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். குவைத்தில் வேலை செய்த சின்னம்மா, பால்மா ரின்களுக்கும் போர்வைக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அட்டைப் பெட்டியில் 9999 விளையாட்டுகள் என்று எழுதியிருந்தது. சில விளையாட்டுகளையே வேறு வேறு பெயரிலும், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்குமாறும் திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தார்கள் என்பதைப் பட்டியலில் கீழே கீழே இறங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பட்டியலில் ஒருமுறை ஆடிவிட்டு மறுபடி திரும்பிப் பாராதவை ஏராளம். பழையது என்பதற்காக அவற்றையும் சேர்த்துப் புகழ எனக்கு மனமில்லை.

நல்லவை எவ்வளவு நல்லவை என்பதற்கு 1985 இல் வெளிவந்த சூப்பர் மாரியோவே போதும். எங்கள் பெட்டியோடு எந்த விளக்கக் கையேடும் வரவில்லை. வந்திருந்தாலும் அதை வாசிக்கும் ஆங்கிலம் எங்களில் எவருக்கும் இல்லை. ஆனாலும் ஒருவரும் சொல்லித்தராமலே ஆடக் கற்றோம் என்றால், அது நின்டென்டோவின் வடிவமைப்பாளர் மியமோட்டோ ஷிகெருவும் அவருடைய குழுவினரும் முதற் கட்டத்தை அமைத்த விதத்தினால்தான். எதிரே ஒரு பூதம் நடந்து வருகிறது. அதில் முட்டிச் செத்தால் மறுமுறை குதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. குதிக்கும்போது தலை தற்செயலாகக் கேள்விக்குறிப் பெட்டியில் இடித்தால் காளான் ஒன்று வெளியே வருகிறது. அது பூதத்தைப் போலவே தோன்றுவதால் பிள்ளை பயந்து விலகப் பார்க்கும். ஆனால் வலப்பக்கம் ஓடிய காளான் அங்கிருக்கும் குழாயில் மோதி மாரியோவிடமே திரும்பி வந்து மேலே ஏறிவிடுகிறது, அவன் பெரியவனாகி விடுகிறான். அந்தக் குழாய் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு. இடத்தை மிச்சம்பிடிக்க, வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே உருவமாக வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மகளுடன் ஆடும்போது கவனித்துப் பாருங்கள்.

இருந்தும் எனக்கு மிகப் பிடித்தது மாரியோ அல்ல. அதில் இருவர் ஆடலாம் என்பது பெயருக்குத்தான். ஒருவர் செத்தால்தான் மற்றவர் முறை வரும். மச்சான் ஒருவர் செத்துத் தொலையவே மாட்டார். நாங்கள் சுவரில் சாய்ந்திருந்து அவர் எப்போது குழியில் விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

என் தேர்வு பட்டில் சிற்றி. நாம் தாங்கி கேம் என்று சொல்வோமே, அதுதான். நம்கோ நிறுவனம் 1985 இல் வெளியிட்டது. மஞ்சள் போர்த்தாங்கி ஒன்று, பச்சைப் போர்த்தாங்கி ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரித் தாங்கிகளை அழித்து, கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காக்க வேண்டும். ஒருவர் மற்றவரைச் சுட்டால் சுடப்பட்டவர் சிறிது நேரம் அசையாமல் நின்றுவிடுவார். இதைவிடக் கொடுமை, நம்முடைய கழுகை நாமே சுடலாம். சுட்டால் இருவரின் ஆட்டமும் அத்துடன் முடிந்தது. கோபம் வந்தவன் மறுபுறம் திரும்பிக் கழுகைச் சுட்டுவிட்டு எழுந்து போவான். பக்கத்தில் இருப்பவனை நம்பினால்தான் ஆட முடியும் என்ற அந்த நிலையை, இரண்டு பொத்தான்களையும் சில செங்கற்களையும் மட்டும் கொண்டு எவரோ உருவாக்கியிருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

அதில் கட்டத்தை நாமே கட்டிக்கொள்ளும் வசதியும் இருந்தது. செங்கல், இரும்பு, நீர், காடு, பனி ஆகியவற்றை வேண்டிய இடத்தில் வைக்கலாம். கொக்கட்டிச்சோலையிலிருந்து பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு மண்முனைத் துறையில் படகுப் பாதை ஏறி வருவான். போர்க்காலமான அப்போது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மின்சாரம் இல்லை. ரிவி கேம் என்றால் அவனுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் மட்டுந்தான். ஆட முடியாத மாதங்களில் அவன் கணிதக் கொப்பியின் சதுரங்களில் கட்டங்களை வரைந்து வைப்பான். திரையில் குறுக்கே 13, நெடுக்கே 13 கட்டைகள் அடங்கும் என்பதை அவன் எண்ணி வைத்திருந்தான். செங்கல்லுக்குக் குறுக்குக்கோடு, இரும்புக்குப் புள்ளி, நீருக்கு வளைகோடு. கொப்பியை எடுத்துவர மட்டும் பெரியம்மா விடவில்லை. சுவரும் நீரும் காடும் குறித்த படங்களோடு ஒரு பையன் சோதனைச் சாவடியைக் கடந்தால் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது என்பது அவருடைய பயம், அந்தப் பயத்தில் பிழையும் இல்லை. ஆகவே அவன் கட்டங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வந்த அன்றே கைகால் கழுவாமல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அடுக்குவான். கழுகைச் சுற்றி இரும்பை வைத்துவிடுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. அவன் அப்படிச் செய்ய மாட்டான். எதிரிகள் மூன்று வழியாக வரவேண்டும், இரண்டை நான் பார்க்கவேண்டும், ஒன்றை அவன் பார்ப்பான் என்று திட்டமிட்டே கட்டியிருப்பான். பெட்டியை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், சாப்பாட்டு நேரத்திலும் அதை நிறுத்தாமல் விட்டு, சூடேறிய அடப்டரைச் சீமெந்துத் தரையில் வைத்திருப்போம். 2001 இல் நாடெங்கும் மின்வெட்டு நடந்த மாதங்களில் இதுவும் சரிவரவில்லை. மின் நிற்கும் நேரத்தைப் பத்திரிகையில் பார்த்துத்தான் ஆட்டத்தையே தொடங்கினோம்.

இருவர் சேர்ந்து எதிரிகளைச் சுட்டு முன்னேறும் கொன்ட்ராவையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 1987 இல் கொனாமி அதைக் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகச் செய்தது, மறு ஆண்டு வீட்டுக்கு வந்தது. ஆடுபவன் விரைவில் செத்து அடுத்த காசைப் போடவேண்டும் என்ற கடைக்கணக்கில் பிறந்த கடுமை அது, அதைப் பெரிய கலை என்று கொண்டாடுவோருடன் நான் உடன்படுவதில்லை. மூன்று உயிரை வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் அதை முடித்தோம்? மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்ற இரகசியம் ரியூசன் வகுப்பு வழியாகத்தான் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. இருவர் ஆடுவதென்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட்டையும் அழுத்த வேண்டும். இந்த வரிசையைக் கொனாமியில் வேலை செய்த ஹஷிமோட்டோ கசுஹிசா 1986 இல் கிரேடியஸ் என்ற வேறொரு விளையாட்டுக்காக வைத்தார். அந்த விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அவருக்கே கடினமாக இருந்ததாம். இருவர் ஆடுவதன் உண்மையான சோதனை மூன்றாம் கட்டத்து நீர்வீழ்ச்சியில் இருக்கிறது. ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் அவனோடு மேலேறிவிடும், கீழே பிந்தியவன் செத்துப்போவான். “பொறு, பொறு” என்று கத்தாமல் அந்த இடத்தைக் கடந்த சகோதரர்களை நான் கண்டதில்லை. இரவில் மட்டும் கத்த முடியாது. ரிவியின் சத்தத்தையும் முழுதாகக் குறைத்துவிட வேண்டும். வெளியே ரோந்து போகும் வீதியில், ஒரு வீட்டுக்குள்ளிருந்து வேட்டுச்சத்தம் கேட்கக்கூடாது அல்லவா? நாங்கள் கொன்ட்ராவின் இசையைப் பகலில் மட்டுமே கேட்டோம்.

பிற்பாடு வந்த பிளேஸ்டேஷன் நல்ல இயந்திரந்தான். விட்ட இடத்தைச் சேமித்துவைக்க மெமரி கார்டும் இருந்தது. கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியதாலோ என்னவோ, அது என்னோடு ஒட்டவில்லை.

துப்பாக்கி பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். அதிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை; அதற்குள் ஒளியை உணரும் கண் ஒன்று இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுதாகக் கறுத்து, அடுத்த கணம், வாத்துச் சுடும் விளையாட்டென்றால் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் தோன்றும். முதலில் இருளையும் உடனே ஒளியையும் கண்டால் குறி சரி என்று இயந்திரம் கணக்கிடும். இருளைக் காண வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால்தான், மின்குமிழைச் சுட்டுப் புள்ளி எடுக்கப் பார்த்த நம் தந்திரம் பலிக்கவில்லை. பழைய குழாய் ரிவி படத்தை வந்த கணமே வரைந்துவிடும். புதிய தட்டை ரிவி அதை வாங்கி, மாற்றி, சற்றுப் பிந்திக் காட்டும். துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் சதுரம் அங்கே இருக்காது. ஆகவே குழாய் ரிவி ஒன்றில் சோதித்துப் பார்க்கும்வரை துப்பாக்கியை எறிந்துவிடாதீர்கள்.

அது இயங்கினால், ஒரு வாத்து மட்டும் பறக்கும் முதல் ஆட்டத்தைத் தெரிவுசெய்து ஜொய்ஸ்டிக்கை நீங்கள் கையில் எடுங்கள். அந்த வாத்தை ஜொய்ஸ்டிக்கால் ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. அடப்டர் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் முதுகில் எழுதியுள்ள வோல்ற் அளவும், உள்முனை நேரா மறையா என்று காட்டும் குறியும் புதியதில் பொருந்த வேண்டும், இல்லையேல் பெட்டியும் எரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்