நத்தார் தொடங்குவதே 25ஆம் திகதிதான்

கேள்வி: கல்யாணமாகி கொழும்புக்கு வந்து மூன்று வருடம். டிசம்பர் வந்தால் ஒபிஸ் பார்ட்டி, புறக்கோட்டை, கேக், விருந்தாளிகள் என்றே ஓடிவிடுகிறது. 25 முடிந்து பார்த்தால் உருப்படியாக ஜெபித்த நினைவே இல்லை. நத்தார் காலத்தில் இயேசுவையும் பூசையையும் நடுவில் வைத்திருப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு 2016 ஞாபகம் வந்தது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வருடம் 24ஆம் திகதி ஒரு சனிக்கிழமை. காலையில் புறக்கோட்டை, ஏனென்றால் சின்னவனுக்குச் சப்பாத்து வாங்க மறந்துபோயிருந்தோம். மத்தியானம் கேக்கைத் துண்டு போட்டு ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றினேன். பின்னேரம் ஓட்டோ பிடித்து மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரை பதினாறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் சோடாவைக் குடித்து, காலி வீதி நெரிசலில் அரை மணித்தியாலம் அசையாமல் நின்று, வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை. சாமப் பூசைக்கு இன்னும் நேரம் கிடக்குதுதானே, கொஞ்சம் சரிந்து எழும்புவோம் என்று நானும் இவரும் பிள்ளைகளும் படுத்ததுதான் தெரியும். எழுப்பியது பன்னிரண்டு மணி வெடிச் சத்தம். மூத்தவள் புதுச் சட்டையோடேயே தூங்கிப்போயிருந்தாள். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், கோயிலுக்கு ஐந்து நிமிட நடை.

அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போனோம், அந்த வகையில் குறை ஒன்றும் இல்லை. நத்தாருக்குத் திருச்சபை நாலு பூசை வைத்திருக்கிறது: முதல் நாள் மாலை, இரவு, விடியல், பகல். எதற்குப் போனாலும் போனதுதான். (கைக்குழந்தை இருக்கிறவர்கள் பகல் பூசைக்கே போங்கள், இரவில் இழுபட வேண்டாம்.) ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. காரணம் சொல்கிறேன்.

அம்மா மன்னார் ஆள். சின்ன வயதில் ஒரு கதையை அடிக்கடி சொல்லுவா. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழை வேஷத்தில் வந்து, இரவில் வீடு வீடாகப் போய் ஒளித்துப் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்கென்று வீடுகளில் கூடியிருந்த சனத்தை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார், பிடிபட்ட சனம் தண்டனை அனுபவித்தது. அவரை 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தபோது விடிய முன்னமே போய் இடம் பிடித்து நின்றவள் நான். அப்படிப்பட்ட நான் அடுத்த வருட நத்தாருக்கு, தடுக்க யாருமில்லாத ஐந்து நிமிடத் தூரத்துக் கோயிலுக்குக் கேக் கொடுத்த களைப்பில் போகவில்லை. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு இவரும் நானும் இருந்து கதைத்தோம். கேக்கை விடலாமா, ஷொப்பிங்கை விடலாமா என்றெல்லாம் யோசித்தோம். விட முடியாது என்பது ஒன்று, விடவும் தேவையில்லை என்பது மற்றது. ஊரிலே சிலர் டிசம்பர் வந்தால் நத்தார் பாப்பாவை, அதாவது சாண்டா குளோஸை, திட்டுவதையே ஒரு பக்தியாக வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் பிழை, எல்லாவற்றையும் 25க்கு முன்னால் அடுக்கி வைத்தது. திருச்சபையின் கலண்டரோ நேர் எதிர்ப் பக்கமாகப் போகிறது. 25க்கு முந்திய நாலு ஞாயிறும் திருவருகைக் காலம், அது காத்திருக்கிற காலம். குருவானவர் ஊதா உடுப்பில் வருவார். அந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை, கவனித்திருப்பீர்கள். பெத்லகேமில் இடையர்களுக்கு முன்னால் வானதூதர் பாடிய பாட்டு என்பதால் அந்த இரவுக்கென்றே வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே சுப்பர்மார்க்கட்டில் நவம்பரிலேயே கரோல் போட்டுவிடுகிறார்கள், அதனால் 24 இரவு மணியடித்து வானவர் கீதம் எடுக்கும்போது நம் காது ஏற்கனவே களைத்திருக்கிறது. சரி, நத்தார் தொடங்குவதே 25ஆம் திகதிதான் என்றால், கொண்டாட்டத்தையும் அன்றிலிருந்தே வைத்துப் பார்ப்போமே என்று முடிவெடுத்தோம். 2017இலிருந்து வீட்டில் நடப்பது இதுதான்.

முதலில் கேக். பிளம்ஸ், செரி, பூசணி தோசியெல்லாம் வெட்டி ஒக்டோபரிலேயே பிராண்டியில் ஊறப் போட்டுவிடுவேன். நவம்பர் கடைசியில், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்னம் (அது எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும்), ரவை வறுத்து, கஜு நறுக்கி, சுட்டு, தகர டின்னில் மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவேன். நம் ரிச் கேக் இருக்க இருக்கத்தான் ருசி, ஒரு மாதம் கிடந்தால் நல்லதே தவிரக் கெட்டுப்போகாது. முந்தி 20ஆம் திகதிக்குப் பிறகு இரவிரவாகக் குசினியில் நின்று சுட்டேனே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

உடுப்பு, சப்பாத்து, பரிசுச் சாமான் எல்லாவற்றுக்கும் கடைசி நாள் டிசம்பர் 13. அன்று புனித லூசியாள் திருநாள், எங்கள் பேராலயத்தின் பாதுகாவலி. அதற்குப் பிறகு புறக்கோட்டைப் பக்கம் தலை வைப்பதில்லை. மறந்த சாமான் மறந்ததுதான். ஒரு வருடம் இவருக்கு ஷேர்ட் வாங்க மறந்து பழைய ஷேர்ட்டோடே பூசைக்கு வந்தார், யாரும் கவனிக்கவில்லை.

மேசையில் நாலு மெழுகுதிரி வளையம் வைக்கிறோம், மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவோம். நீங்கள் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபை என்றாலும் தயங்க வேண்டாம், இது முதலில் எங்களுடைய வழக்கமே இல்லை. 1839இல் ஹம்பர்க்கில் ஒரு லூத்தரன் போதகர், ஆதரவில்லாத பிள்ளைகளை வைத்துப் பராமரித்தவர், நத்தார் எப்ப எப்ப என்று அவர்கள் நச்சரித்ததால் ஒரு வண்டிச் சில்லில் மெழுகுதிரிகளை வைத்து நாள் எண்ணிக் காட்டினாராம். அதிலிருந்து வந்ததுதான்.

17ஆம் திகதியிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய பூசையின் நற்செய்தியை வீட்டில் வாசிக்கிறோம். ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. 17 அன்று மத்தேயுவின் வம்ச வரிசை வரும். சின்னவன் செருபாபேல், அம்மினதாபு என்று தடக்கித் தடக்கி வாசிக்க எல்லோரும் சிரிப்போம். சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு வருடம் மூத்தவள் கேட்டாள், இவ்வளவு ஆம்பிளைப் பெயருக்கு நடுவில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று இந்தப் பெண்கள் ஏன் வருகிறார்கள், இவர்கள் யார் என்று. அன்றைக்குச் சோறு ஆறிப்போனது, ஆனால் நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும் விட அந்தக் கதை நன்றாக இருந்தது. 18 யோசேப்பின் கனவு, 19இலிருந்து லூக்கா முதலாம் அதிகாரம், செக்கரியா, மரியா, எலிசபெத் என்று 24 காலை வரை ஒரே கதையாகப் போகும். தொடர் நாடகம் மாதிரி, பிள்ளைகளே ஞாபகப்படுத்துவார்கள்.

பாலன் குடிலும் கட்டுகிறோம், ஆனால் தீவனத் தொட்டி வெறுமையாகக் கிடக்கும். பாலனை நான் ஒளித்து வைப்பேன், 24 இரவு பூசை முடிந்து வந்து சின்னவன் வைக்க வேண்டும். (ஒரு வருடம் ஒளித்த இடத்தை நானே மறந்து இரவு ஒன்றரைக்கு நாலு பேரும் தேடினோம். கடைசியில் தையல் பெட்டிக்குள் இருந்தது.) குடிலைப் பற்றி ஒரு விஷயம் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சியோ என்ற ஊரில் முதல் குடிலை அமைத்தபோது வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தத் தொட்டியின் மேலேயே பூசை ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அதாவது குடில் பூசைக்காகக் கட்டியது. இப்போது பெரிய குடில் யாருடையது என்று தெருவுக்குத் தெரு போட்டி நடக்கிறது, நடக்கட்டும். எனக்குச் சிரிப்பு வருவது கரோல் குழுவில்தான். நான் முன்பு பாடின ஒரு குழுவில் என்ன நிறச் சாரி என்பதிலேயே மூன்று கிழமை சண்டை போனது, பாட்டுப் பழகியது இரண்டு நாள்.

ஒபிஸ் பார்ட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள். ஞாயிறு காலைப் பூசையைக் கெடுக்காத அளவுக்கு வேளைக்கு வீட்டுக்கு வாருங்கள், அவ்வளவுதான்.

24 இரவு மட்டும் எங்களுக்குக் கண்டிப்பு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த வேலையும் இல்லை, எல்லோரும் தூங்குவோம், அலாரம் மூன்று போனில். பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னமே போய்விடுவோம், பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தச் சத்தத்தைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. அடுத்த ஞாயிறு கொழும்பில் சனத்துக்குப் பூசை இல்லை, கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டிவிக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பார்த்தோம். அந்த டிசம்பரில் வரிசையில் நின்று ஆர்மிப் பெடியன் ஒருவன் என் கைப்பையைத் திறந்து பார்த்தபோது எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் அவனுக்கு "நத்தார் வாழ்த்து, மகன்" என்று சிங்களத்தில் சொன்னார். பூசைக்கு வர முடிகிறதே என்பதற்கே நன்றி சொன்ன வருடம் அது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாமத்தில் எழும்பச் சலித்ததில்லை.

அப்புறம் 25க்குப் பிறகு. கொழும்பில் 26 விடிந்தால் நத்தார் முடிந்த மாதிரித்தான், எல்லோரும் நுவரெலியாவுக்கோ ஊருக்கோ கிளம்பிவிடுவார்கள், மிச்சப் பேர் 31 இரவு வெடிக்குச் சாமான் சேர்ப்பார்கள். கோயிலில் பார்த்தால் அப்போதுதான் காலம் தொடங்கியிருக்கும். 26ஆம் திகதி, முதலாவது மறைசாட்சியான ஸ்தேவானின் திருநாள், 28ஆம் திகதி, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிறந்த நாளுக்கு அடுத்தடுத்து இரத்தத்தை ஏன் வைத்தார்கள் என்று முன்பு யோசித்திருக்கிறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு யோசிப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் 26 காலை ஒன்பது இருபத்தைந்துக்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம் வரும்போது குடிலுக்கு முன்னால் நிற்போம். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருவர் முல்லைத்தீவில் கடலோடு போனவர், அவருடைய பெயரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே.

விருந்தாளிகள், கேக் கொடுக்கப் போவது எல்லாம் 26இலிருந்து ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூன்று ராசாக்கள் திருநாள் வரை, ஒரு நாளைக்கு இரண்டு வீடு. ஓட்டமில்லை, இருந்து கதைக்கலாம். முதல் வருடம் மச்சாள் ஒருவர் "எங்களுக்கு மட்டும் பிந்தித் தந்திருக்கிறியள்" என்று கோபித்தா. இப்போது எல்லோருடைய கேக்கும் முடிந்த பிறகு வருவதால் எங்களுடையதுக்குத்தான் மதிப்பு.

எங்கள் மாடியில் எதிர்க் கதவு ஒரு முஸ்லிம் குடும்பம். பெருநாளுக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் முதலில் வருவது எங்களுக்கு, அதனால் கேக் பிந்தியதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். போன வருடம் டிசம்பர் நடுவில் அந்த ராத்தா சீனி இரவல் கேட்டு வந்தவ, மேசையைப் பார்த்து எண்ணிவிட்டு, "இன்னும் ரெண்டு மெழுகுதிரி பத்தவேயில்ல, அப்ப கேக் வர நாள் கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் சீனியோடு போனா.